பாரசீகர் மாளிகைக் கதவு

அன்று அந்த மாளிகையில் பெண்கள் இருந்தார்கள். பூச்சு வேலைக்குக் கட்டிய சாரத்தின் மேல் என் தகப்பனார் இருந்தார். வேறு ஆண்கள் ஒருவரும் இல்லை. மாளிகையைக் கட்டிய பாரசீக வியாபாரியை அடக்கம் செய்ய, வாசல் காவலாள் உட்பட எல்லாரும் போயிருந்தார்கள். மழை நெருங்கிவிட்டதால் அப்பாவை மட்டும் பூச்சை முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

ரங்கூனுக்குப் பன்னீரும் கம்பளமும் விற்க வந்து, அரிசி ஏற்றுமதியில் பணக்காரரானவர் அவர். தம் ஊர் வீட்டையே நகரின் கியாக்டடா பகுதியில் எழுப்பினார். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூட இல்லாத உயர்ந்த மதில். முன்கட்டு ஆண்களுக்கு, பின்கட்டு பெண்களுக்கு. முன்கட்டு முற்றத்தில் நீர்த்தொட்டி. அதன் ஓரத்தில், காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கும் கோபுரம்.

"மழையே பெய்யாத ஊர்க் கோபுரத்தை இங்க கொண்டாந்து வச்சிட்டாரு மனுசன். நம்ம பொழப்பு அதுல ஓடுது" என்பார் கொத்தனாரான அப்பா. மழையில் கரையும் அதற்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசியவர் அவர்தான்.

தேக்குக் கதவில் தட்டுவதற்கு இரண்டு இரும்புகள். ஆண்களுக்குக் கனத்த இரும்புக் கட்டை, பெண்களுக்கு மெல்லிய வளையம். சத்தத்தை வைத்துத்தான் உள்ளிருந்து யார் போய்த் திறப்பது என்று முடிவாகும்: கட்டைக்கு ஆண், வளையத்துக்குப் பெண்.

நான் மதியச் சோறு கொண்டுபோனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கட்டையைத் தட்டினேன். மதிலுக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"தம்பியா? சாரம் சரிஞ்சிபோச்சுடா. கால் ஒடிஞ்சு எலும்பு வெளிய நிக்குது. தலைப்பாத் துணியால இறுக்கிக் கட்டியிருக்கேன். கூப்பிட்டுப் பாத்தேன், அழுகைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

மறுபடி தட்டினேன்.

"என்னடா பள்ளிக்கூட மணி மாதிரி அடிக்கிற? ஓங்கிப் போடு!"

ஓங்கிப் போட்டேன். பின்கட்டிலிருந்து அழுகைதான் கேட்டது. மதில்மேல் கண்ணாடிச் சில்லுகள். ஏணி கேட்டதற்கு எதிர்க்கடைக்காரர், "இழவு வீட்டுச் சொவரேறிக் குதிச்சா போலீசுக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று உள்ளே போய்விட்டார்.

"அப்பா, வளையத்தைத் தட்டட்டுமா?"

"வேணாம். யாரோ பொம்பளைன்னு நம்பி முக்காடில்லாம ஓடியாருவாங்க. நீ நிப்ப. பதினாலு வருசம் இந்த வீட்டுல தலை குனிஞ்சு வேலை பாத்தவன்டா நான்."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான்; படித்த பிள்ளை மரியாதை தவறினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று அப்பாவைவிட அதிகம் பயந்தேன். தெருவில் போன ஒரு பெண்ணை அழைத்து வளையத்தைத் தட்டச் சொல்லியிருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தோன்றியது.

மூன்று மணி நேரம் கட்டையையே தட்டினேன். அப்பாவின் பதில்கள் குறுகிக்கொண்டே வந்து நின்றுபோயின.

அடக்கத்திலிருந்து திரும்பியவர்கள் கதவைத் திறக்கவைத்தார்கள். ஆண் யாரோ விடாமல் தட்டுகிறான் என்று பெண்கள் பயந்து ஒடுங்கிக் கிடந்தார்களாம். கட்டு அத்தனை நேரம் இறுகிக் கிடந்ததில் அதற்குக் கீழே சதை செத்துவிட்டது என்றார் டாக்டர். முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

அடுத்த மழைக்கு முன் வியாபாரியின் பிள்ளைகள் கோபுரத்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்; அதோடு வருஷப் பூச்சும் நின்றது. அப்பாவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. மருந்து, மரக்கால், அவர் சொந்த ஊரான நாகப்பட்டினம் திரும்பிய கப்பல் சீட்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு இருநூற்றுப் பதினேழு ரூபாய்.