மாப்பிள்ளைக்கு நான் சொன்ன யோசனை

வெண்டைக்காய் வாங்கத் தெரியாத நான், வேலை வாங்க யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று ஷார்ஜாவுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெரிய பேத்தியின் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டு எல்லோரும் கும்மிடிப்பூண்டிக்கே திரும்ப வேண்டியதுதான்.

மாப்பிள்ளை எதிரில் நான் நின்று பேசியதே கிடையாது. எங்கள் வீடுகளில் மாமியார் அப்படித்தான். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வோம், அவள் அவரிடம் சொல்வாள். அங்கே இருந்ததோ ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு. வேலை போன மனிதர் பகலெல்லாம் ஹாலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சமையல்கட்டிலேயே நிற்பேன். சாயங்காலம் கால் வீங்கிவிடும்.

அதற்குப் பயந்துதான் ஒருநாள் நானே கடைக்குக் கிளம்பினேன். பெரிய கடை, உள்ளே போனதும் குளிரில் உடம்பு நடுங்கியது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்தேன். ஒரு ஆள் முறைத்தான். ஒடிக்காமல் எப்படி வாங்குவது? பொறுக்கியதைப் பையில் போட்டு, பணம் வாங்கும் இடத்தில் வைத்தேன். அங்கிருந்த பெண் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னாள். நான் சிரித்தேன். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர் தமிழில் பேசினார்.

"அங்க எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வரணும்மா. இதுகூடத் தெரியாம ஏன் தனியா வர்றீங்க?"

தமிழ்க் குரல் கேட்டதே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

"இன்னாமா, வெறுங்கையோட வர்றே?" என்றாள் மகள்.

"வெண்டக்கா எல்லாம் முத்தலுடி."

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. மறுநாள் சமையல்கட்டு வாசலில் ஒரு பை இருந்தது. வெண்டைக்காய். மேலே வெள்ளை ஸ்டிக்கர்.

அந்த மனிதருக்கு என்னால் ஆனது ஏதாவது செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்து, சொல்லி அனுப்புகிறோம் என்றிருந்தார்கள். பத்து நாளாகப் பதில் இல்லை. எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் என்றால் ஷிப்டு தொடங்கும் முன்னே கேட்டில் போய் நிற்போம். கான்ட்ராக்டர் வந்து பார்ப்பான். கையில் டிபன் பாக்ஸ் இருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுவான். சோற்றோடு வந்தவன் உடனே உள்ளே இறங்கத் தயார் என்று அர்த்தம். எனக்குக் கூட்டும் வேலை அப்படித்தான் கிடைத்தது. மாப்பிள்ளைக்கும் முதல் வேலை எளாவூர்ப் பக்கம் ஒரு கேட்டில் நின்று கிடைத்ததுதான்.

"அந்தக் கம்பெனி கேட்டாண்ட காலைல போயி நிக்கச் சொல்லுடி. ஊட்ல குந்திக்கினு இருந்தா எவன் கூப்புடுவான்? டிபன் பாக்ஸ் கட்டித் தரேன்" என்றேன்.

"இது இன்னா நம்ம ஊராமா? சும்மா கெட" என்றாள் மகள்.

ஹாலிலிருந்து குரல் வந்தது. "அத்த சொல்றதும் கரெக்டு தான். நமக்கு ஆச இருக்குதுன்னு அவனுக்கு எப்டி தெரியும்?"

மூன்று நாள் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் வாட்ச்மேன் துரத்தியிருக்கிறான். மூன்றாம் நாள், இன்டர்வியூ எடுத்த அதிகாரியின் கார் கேட்டில் நின்றது. மாப்பிள்ளை வந்து மகளிடம் சொன்னதைச் சமையல்கட்டில் நின்று கேட்டேன்.

"'நீ சூப்பர்வைசர் வேலைக்கு வந்த ஆளு தானே? கூலி ஆளு மாதிரி கேட்டாண்ட சோத்து டப்பாவோட நிக்கிறியே, உன்ன நம்பி இருவது பேர எப்டி உடறது?'ன்றான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? எங்க அத்த நிக்கச் சொன்னாங்கன்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. விசாவும் முடிந்தது. எல்லோரும் வந்து சேர்ந்தோம். ஒருவேளை முதலிலேயே வேறு ஆளைத்தான் முடிவு செய்திருப்பார்கள் என்று மகள் ஆறுதல் சொல்கிறாள். அவள் குரலிலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

மாப்பிள்ளைக்கு இப்போது இங்கே, நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலேயே கான்ட்ராக்ட் வேலை. கேட்டில் நின்றுதான் கிடைத்தது. இங்கே என் யோசனை சரியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

காலையில் எழுந்து டிபன் பாக்ஸைக் கட்டி வாசற்படியில் வைக்கிறேன். அவர் தாண்டிப் போகிறார்.

"எடுத்துக்கினு போகச் சொல்லுடி."

"வேணாமாம்மா. கம்பெனி கேண்டீன்ல நாஷ்டா துன்னுக்கிறாராம்."

கான்ட்ராக்ட் ஆட்களை அந்தக் கேண்டீனுக்குள் விடமாட்டார்கள். ஒன்பது வருடம் அதன் வாசலைக் கூட்டியவள் நான்.