சொன்னவர் அப்பா, கேட்டது மணி

‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. போனில் புகார் கேட்கிற வேலை. காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்ற முடியும். எதிர்முனையில் ஒருவர் கொதித்துக்கொண்டிருப்பார். எனக்கோ ‘லைன்’ என்று சொன்னதுமே சிரிப்பு முட்டும். சும்மாவா? அந்த ஒரு சொல்லை வைத்து ஐந்தாம் வகுப்பிலேயே ஊரைச் சிரிக்க வைத்தவள் நான். அப்பாவைத் தலைகுனிய வைத்தவளும் நான்தான்.

மலைக்கிராமமான போளூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் கொடைக்கானலிலிருந்து புதிதாக ஓர் ஆங்கில டீச்சர் வந்திருந்தார். ஆண்டு விழாவுக்கு ஒரு போட்டி வைத்தார். இங்கிலீஷ் என்ற நினைப்பே இல்லாமல் ஊரில் பேசுகிற ஓர் இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று காதால் கேட்டு எழுத வேண்டும். விழா மேடையில் ஏறி வாசிக்க வேண்டும். அதிகம் வைத்திருப்பவருக்குத் தலையணை கனத்தில் ஓர் அகராதி பரிசு.

“புக்கைப் பாத்து எழுதுனா கண்டுபிடிச்சிருவேன். யார் சொன்னாங்க, யார்கிட்ட சொன்னாங்க, எங்க சொன்னாங்க, மூணும் எனக்கு வேணும்” என்றார் டீச்சர்.

நான் ‘லைன்’ எடுத்தேன். அடேயப்பா, அந்தப் பத்து நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை! நோட்டும் பென்சிலுமாக ஊரைச் சுற்றினேன். ரேஷன் கடையில் ‘லைன்ல நில்லுங்க’ என்று சத்தம் போட்டார்கள், எழுதினேன். கம்பத்தில் ஏறியவர் ‘லைன்ல கை வச்சிருக்கேன், கரண்ட்டைப் போட்டுத் தொலச்சிராதீக’ என்று கத்தினார், எழுதினேன். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மேட்டில் நின்ற மாமா ‘லைன் கெடைக்கல’ என்றார். பூண்டு ஊன்றிக்கொண்டிருந்த பெண்களை அம்மா ‘லைன் தப்பாம ஊனுங்கடி’ என்று விரட்டினாள். காரட் மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் ‘நான் மதுரை லைன்ல ஓடுறவன்’ என்று பெருமையடித்தார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது ‘லைன் கிளியர், வா வா’ என்றான் கூட வந்தவன்.

டீக்கடை அக்காவின் அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். ‘நான் பொறந்தது லயத்துல’ என்றார். லயம் கணக்கில் சேருமா என்று மூச்சிரைக்க ஓடிப்போய்க் கேட்டேன். டீச்சர் என்னைவிடக் குதித்தார். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளும் லைன்தானாம், பெயர்தான் வாயில் தேய்ந்துபோயிருக்கிறதாம். பஸ் நிறுத்தத்தில் ஒரு அண்ணன் இன்னொரு அண்ணனிடம் சொன்ன ‘லைன் அடிக்கிறியாலே’யையும் எழுதினேன். டீச்சர் இருமிக்கொண்டே அதை மட்டும் அடித்துவிட்டார். எனக்கு ஒரே அழுகை. ஒன்று குறைந்துவிட்டதே!

அந்த ஒன்றுதான் இடித்தது. ‘செட்’ எடுத்தவன் மைக் செட், பம்பு செட், செட் தோசை என்று அடுக்கி என்னைத் தாண்டிவிட்டான். விழாவுக்கு இரண்டே நாள் இருந்தது. ஊரெல்லாம் கேட்டாகிவிட்டது, வீட்டுக் கொல்லைதான் பாக்கி.

எங்கள் கொல்லைக்கு ஒரு வேலி. அதற்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. வரப்பில் நின்ற ஒரு பேரிக்காய் மரம் யாருடையது என்ற சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மரத்தையே வெட்டியாகிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே நின்றது. ஆனால் மேலே ஓடையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் இரண்டு காட்டுக்கும் ஒன்றுதான். ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அவர்கள் முறை.

அப்பாவுக்கு எங்கள் நாய் மணியின் மேல் அப்படி ஒரு பிரியம். என்னிடம்கூட அவ்வளவு பேசமாட்டார். தினமும் வெள்ளனே எழுந்து வேலியோரம் நின்று மணியிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்வார், அதுவும் சத்தமாக. அன்றைக்கும் சொன்னார். “ஏலே மணி, மேல லைன் அடச்சுக் கெடந்துச்சு, எடுத்துவிட்டுட்டேன். இன்னைக்கு நம்ம மொறைதான், ஆனா நமக்கு வேணாம். வேணுங்கிறவுக பாய்ச்சிக்கிரட்டும்.”

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தன் பசுவிடம் பேசுவது கேட்டது. “இந்தா லெச்சுமி, அந்தப் பிள்ள ராத்திரி பூரா இருமுது. வெந்நி வச்சுக் குடுத்தா ஒரு லைனுக்கு வந்துரும்.”

கன்றுக்குட்டிக்கு இருமல் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் எனக்கும் நல்ல இருமல். இரண்டையும் எழுதி முடித்து எண்ணினேன். ‘செட்’டைவிட ஒன்று கூட!

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. அப்பா இந்த ஓரம், பெரியப்பா அந்த ஓரம். நான் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கைதட்டல் ஏற ஏற என் குரலும் ஏறியது. கடைசி இரண்டுக்கு வந்தேன்.

“சொன்னவர் எங்கள் அப்பா. கேட்டது எங்கள் நாய் மணி. இடம், வேலியோரம்” என்று தொடங்கி அப்பா சொன்னதை முழுக்க வாசித்தேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. “சொன்னவர் எங்கள் பெரியப்பா. கேட்டது அவர் வீட்டுப் பசு லெச்சுமி” என்று அடுத்ததையும் வாசித்தேன். அவ்வளவுதான், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “ரெண்டு வருசமா இந்தக் கூத்துதான் நடக்குதா?” என்று யாரோ கத்தினார்கள்.

பேச்சு விட்டுப்போன வீடுகள் எங்கள் பக்கம் அப்படித்தான் பேசிக்கொள்ளும். முகத்தைப் பார்த்துச் சொன்னால் இறங்கிப்போனதாகிவிடும். சொல்லாமல் விட்டால் வெள்ளாமை கெட்டுப்போகும். அதனால் நாயிடமோ மாட்டிடமோ சொல்வார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் காதில் விழும். ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மேடையில் நின்ற எனக்குத்தான் தெரியாது. நான் நன்றாக வாசித்ததற்குச் சிரிக்கிறார்கள் என்று இன்னும் சத்தமாக வணக்கம் வைத்தேன்.

அகராதி எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் அப்பா கைதட்டவில்லை. பெரியப்பா டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தை நீட்டினேன், அப்பா வாங்கவே இல்லை. மறுநாள் அவர் மணியிடமும் பேசவில்லை. பெரியப்பாவும் லெச்சுமியிடம் வாய் திறக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

மூன்றாம் நாள் சாயங்காலம் வானத்தில் ஒரு மேகம் இல்லை. விரல் மடங்காத குளிர். விடிந்தால் உறைபனி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் உருளைச் செடிக்குத் தண்ணீர் தெளிக்காவிட்டால் இலையெல்லாம் கருகிவிடும். பெரியப்பாவின் காடு முழுக்க அந்தத் தடவை உருளைதான். மேலே போய்விட்டு வந்த அப்பாவின் முகம் சரியில்லை. காட்டுமாடு மிதித்துக் குழாய் உடைந்து கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். “அவுகளுக்குத் தெரியாதே” என்றாள் அம்மா.

அப்பா வேலியோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் பெரியப்பா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மணி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. அப்பா அதைப் பார்த்து வாயைத் திறந்தார். பழக்க தோஷம், நான் நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இருட்டப் போகிறது, அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அண்ணே!”

பெரியப்பா கையில் களையோடு நிமிர்ந்தார்.

“லைன் மேல ஒடஞ்சு கெடக்குண்ணே. இன்னைக்குப் பனி எறங்கும். வெரசா வாங்க, ரெண்டு பேருமாப் போய்ச் சேத்துட்டு வந்துருவம்.”

பெரியப்பா கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “ஜாயிண்ட் எடுத்துக்கிட்டியாலே?” என்றார்.

இருவரும் முன்னும் பின்னுமாக மேட்டில் ஏறிப் போனார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். நான் எழுதினேன்: சொன்னவர் அப்பா. கேட்டவர் பெரியப்பா. இடம், வேலியோரம். போட்டி முடிந்த பிறகு கிடைத்து என்ன பிரயோசனம் என்று எரிச்சலாக இருந்தது.

அதைவிடப் பெரிய வருத்தம் மணியைப் பார்த்துத்தான் வந்தது. இரண்டு வருஷம் அப்படிக் கொஞ்சிப் பேசிய மனுஷன், இன்று அதை ஏறெடுத்தும் பார்க்காமல் போகிறாரே! அது வாலை ஆட்டியபடி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

“நீ அழுகாத மணி. அப்பா கோவம் தீந்ததும் உங்கிட்டத் திரும்பப் பேசுவாரு.”