ஒரு சண்டைகூட வராத பட்டியல்

என் ஆய்வுத் தலைப்பில் ‘சிஸ்டமேடிக் ரிவ்யூ’ என்று நானேதான் வலியப் போய்ச் சேர்த்தேன். கேட்க எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மீன்கூடை சுமந்து விற்கும் பெண்களின் இடுப்பு வலியைப் பற்றி இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தொகுக்க வேண்டும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் என் அம்மாவும் அப்படித்தான் விற்கிறாள்.

செங்கல்பட்டில் என் நெறியாளர் தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “படிச்சதுல உனக்கு முக்கியம்னு பட்டதைக் கோத்துச் சொன்னா அது நேரேடிவ். எதெல்லாம் எழுதியாச்சு, எது பாக்கின்னு எல்லை பார்த்தா ஸ்கோப்பிங். நீ எழுதியிருக்கிறது வேற. ஒரே கேள்வி, முன்னாடியே விதி, அகப்படுற எல்லாத்தையும் பார்க்கணும். எதைச் சேர்க்கிறது, எதைத் தள்றதுன்னு ரெண்டு பேர் தனித்தனியா முடிவு பண்ணணும். முடியுமா?”

முடியும் என்று தலையாட்டிவிட்டேன். அன்று பிடித்தது பயம்.

இரண்டாவது ஆளாக என் தோழியைச் சொன்னேன். படாளத்துக்காரி, அவளும் ஆய்வு மாணவி. கைக்குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்தாள். “எனக்கு எங்கடி நேரம் கீது? நீ போட்டதையே எனக்கும் போட்டுக்கோ,” என்றாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. கட்டுரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நான் டிக் அடித்ததற்கு அவள் பக்கமும் டிக், வேண்டாம் என்று நான் பெருக்கல் போட்டதற்கு அவள் பக்கமும் பெருக்கல்.

திங்கட்கிழமை கடைசி நாள். நெறியாளர் பட்டியலில் கையெழுத்துப் போடாவிட்டால் என் பதிவு ரத்தாகும். மூன்று வருடம் வீண். அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாசலில் அம்மாவும் சித்தியும் கூட்டாக ஏலம் எடுத்த மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது ஆவாதுடி, செவுளு வெளுத்துப் பூடுச்சு.”

“உன் கண்ணுதான் பூடுச்சு. நல்லாத்தான் கீது, கூடையில போடுக்கா.”

இருவரும் ஒத்துக்கொண்ட மீன்தான் கூடைக்குப் போகும். பிறந்ததிலிருந்து கேட்கிற சண்டைதான். அன்று அதைக் கேட்டதும் என் பட்டியல் நினைவுக்கு வந்தது. ஒரு கூடை மீனுக்கே நாலு சண்டை வருகிறது. என் பட்டியலில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றுகூட இல்லை. பார்க்கிற எவருக்கும் தெரிந்துவிடுமே! அங்கங்கே நாலைந்து டிக்கை மாற்றிவிடலாமா என்று பஸ்ஸில் பேனாவைக்கூட எடுத்தேன். மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

நெறியாளர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். அவர் கேட்பதற்குள் நானே கொட்டிவிட்டேன். “ரெண்டு பக்கமும் நான் போட்டதுதான் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவு ரத்தாகாமலிருக்க ஒரு மாத அவகாசம் கேட்கும் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “ரெண்டு பேரா உட்கார்ந்து பார்த்துட்டு வா,” என்றார்.

மறுநாளே படாளத்துக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நான் தள்ளிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தோழி படித்தாள்.

“விதிப்படி எல்லாம் சரியாத்தானே கீது? இத்த ஏன்டி தள்ளின?”

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். வலிக்குக் கூடைதான் காரணம் என்று ஒத்துக்கொள்ளாதவற்றையெல்லாம் தள்ளியிருந்தேன்.

“எங்க அம்மாவுக்கு வலிக்குதேடி,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தன் பக்கம் நான் போட்டிருந்ததைக் கோடு போட்டு அழித்துவிட்டு, என் பெருக்கலுக்குப் பக்கத்தில் ஒரு டிக் அடித்தாள்.