மெசின் வாங்க வந்தது நான்

பஞ்சு வைத்த போர்வை தைக்கும் பெரிய மெசின் பார்க்கப் புத்தளம் கடைக்குப் போனோம். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் கணவருக்கு. அந்தக் கோபத்தில் ஒன்லைனில் வாங்கினேன். எங்கள் ஊர் கற்பிட்டியின் உப்புக்காற்றில், மெசின் முன்னும் பின்னும் ஓடும் கம்பிகள் துருப்பிடித்தன. விற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அயல்வீட்டுக் கல்யாணப் போர்வை பாதியில் நின்றது. மகளையும் தூக்கிக்கொண்டு, திருத்தித் தருவார்களா என்று கேட்கக் கணவரோடு அதே கடைக்குப் போனேன்.

"பொம்புளட கதையக் கேட்டு ஏன் தம்பி ஒன்லைன்ல வாங்கின?" என்றார் கடைக்காரர், என் கணவரிடம்.

"மெசின் அவவுட. அவட்டயே கேளுங்க."

"சரி, திருத்த ஆள் அனுப்புறன். எப்ப வரட்டும்?" மறுபடியும் அவரிடமே.

"வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு" என்றேன். கடைக்காரர் என் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் திடுக்கிடும் சத்தத்தில் மறுபடி சொன்னேன். அப்போதுதான் தலையாட்டினார்.

முதலிலேயே கடையில் வாங்கியிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அங்கே எனக்கு விற்க யார் இருந்தார்?