கழற்றிய வளையலும் ஏறிய சி.ஆர்.பி.யும்

படியேறும்போதே காதில் விழும், ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல். ரத்தத்தைச் சுழற்றித் தெளிவை மேலே பிரித்துத் தரும் மெஷின் அது. தர்மபுரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி லேபில் நைட் டூட்டி உதவியாள் நான். மெஷின் துடைக்க வந்தவன். பழைய பாடப்புத்தகங்களை வாங்கிப் புரட்டிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டெக்னீஷியன் செல்வி மேடம். எங்கள் தொழிலில் ஒரு சங்கடம்: எல்லோரும் முதலில் நம் முகத்தைத்தான் படிப்பார்கள், ரிப்போர்ட்டை அப்புறம். ராத்திரி கண்விழிக்கிற உங்களுக்கே தெரியும், நம் முகம் எப்போதுமே கெட்ட சேதி மாதிரிதான் இருக்கும்.

பூரிப்பு

ஒரு சாயங்காலம் வத்தல்மலையிலிருந்து கௌரி என்ற பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீக்கம், எகிறிய பிரஷர். கர்ப்பத்தில் வரும் இந்த நோய் முற்றினால் ஜன்னி வரும். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. டாக்டரம்மா ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, ஈரல் டெஸ்ட்டோடு சி.ஆர்.பி.யும் கேட்டார். உடம்புக்குள் எங்கோ அழற்சி என்று காட்டிக்கொடுக்கும் புரதம் அது. இந்த நோயில் பலருக்கு ஏறும். ஆனால் பக்கத்து வூட்டுச் சண்டை காதில் விழுவது போலத்தான். சத்தம் கேட்கும், யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது.

கூட வந்த மாமியார் வீக்கத்தை நோயென்றே நினைக்கவில்லை. வளைகாப்புக்கு அப்புறம் மருமகளுக்கு உடம்பு பூரித்துவிட்டதென்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “மூஞ்சி உப்புனா ஆம்பளப் புள்ளைன்னாங்க. நாங்க பாட்டுக்கு சந்தோசமா இருந்துட்டமேங்க.”

கட்டர் வேண்டாம்

இடுப்பில் அவசர ஊசி போட்டாயிற்று. அடுத்து ரத்தம் எடுக்க வேண்டும், ட்ரிப் ஏற்ற வேண்டும். இரண்டு கையிலும் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தன. நர்ஸ் கட்டரை எடுத்தார். மாமியார் குறுக்கே வந்து நின்றுகொண்டார். மகன் முனியப்பன் வாசலில் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது மருமகள் வளையலை உடைப்பதாவது. கௌரியும் கையை மார்போடு மடக்கிக்கொண்டாள். நர்ஸ் கத்தினார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கௌரிக்குக் கண் செருகத் தொடங்கியது.

செல்வி மேடம் என்னை எதிர்ச்சாரிக்கு ஓடச் சொன்னார். அங்கே வளையல் கடை ஜரீனாக்கா ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாதி ஷட்டரோடு விட்டுவிட்டு வந்தார். சோப்பு கேட்டார், கைக்கு அகப்பட்டது ஸ்கேன் ஜெல்தான். அதையே வழித்துப் பூசி, கௌரியின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பே இல்லாத கையைப் பிடித்த மாதிரி ஒவ்வொன்றாக உருவினார். அதற்குள் நர்ஸ் வளையல் கழன்ற கையில் நரம்பைத் தேடத் தயாராகிவிட்டார். கடைசி வளையலையும் மாமியார் மடியில் போட்டுவிட்டு ஜரீனாக்கா சொன்னார்: “ஒண்ணுகூட ஒடையலம்மா. புள்ள பொறந்ததும் இதையே போட்டு வுடு. புதுசு வேணும்னா நம்ம கடைக்கே வா.”

ஏறின நம்பர்

தட்டணு குறைந்திருந்தது. பிள்ளையை எடுப்பதுதான் வழி என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை, சின்னது, ஆனால் வார்டே திரும்பிப் பார்க்க அழுதது.

மறுநாள் சாயங்காலம் டூட்டிக்கு வந்தால் லேப் வாசலில் முனியப்பன் நிற்கிறார். போனில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டையும் படம் பிடித்து வைத்திருந்தார். சி.ஆர்.பி. முந்தின நாளைவிடப் பல மடங்கு. மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு உள்ளே சீழ் பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டாராம். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இன்னும் பயம்.

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கத்தி வைத்த உடம்பில் அது ஏறத்தான் செய்யும் என்றார் அவர். காய்ச்சல் இல்லை, புண் சுத்தமாக இருக்கிறது. தட்டணு ஏறத் தொடங்கிவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது. இன்னும் சில நாள் வைத்துப் பார்த்துதான் அனுப்புவோம், ஆனால் பயம் தாண்டியாயிற்று என்றார்.

முனியப்பன் இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார், ஏற வேண்டியது ஏறுகிறது, இறங்க வேண்டியது இறங்குகிறது, அவ்வளவுதானே என்று. டாக்டரம்மா தலையாட்டியதும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. “எங்க மலைக்கு வர்ற பஸ்ஸுகூட இவ்ளோ ஒழுங்கா ஏறி எறங்காதுங்க.”

வெகுநாளைக்கு அப்புறம் எனக்கு அன்றைக்கு நன்றாகப் பசித்தது. நம்பர் நல்லபடியாக வந்தால் டாக்டரம்மாவுக்குக் கும்பிடு, ஏடாகூடமாக வந்தால் லேபுக்கு ஏச்சு, இதுதான் நம் பிழைப்பு என்று செல்வி மேடத்திடம் சொல்லிக்கொண்டே, சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவ ஆரம்பித்தேன்.