முல்லாபீயின் மத்தியானச் சோறு

முல்லாபீக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். இரண்டு பெண்களைப் பெற்றாள், இருவரையும் கட்டிக்கொடுத்தாள். ஆனால் தன் புருஷன் கிடாவு பகல் வெளிச்சத்தில் சோற்றை எப்படிப் பிசைவார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் அவர் ஒரு பகல்கூட இருந்ததில்லை.

கல்பேனித் தீவில் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். ஆண் தன் உம்மா வீட்டில் உண்பான், உழைப்பான். அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டுப் பெண்டாட்டி வீட்டுக்கு வருவான், விடியற்காலை பாங்குக்கு எழுந்து போய்விடுவான். கிடாவின் வீடு வடக்கே, படகுத்துறைப் பக்கம். முல்லாபீயின் வீடு தெற்கே, புயல் அடித்துக் குவித்த பவளக்கல் கரையோரம். நடுவில் ஒன்றரை மைல் தென்னந்தோப்பு. அவர் போக வர நடந்த தூரத்தைக் கூட்டினால் மக்காவுக்கு நாலைந்து தடவை போய்த் திரும்பியிருக்கலாம் என்று மூத்த மருமகன் கேலி செய்வான். அவனும் ராத்திரி வந்து காலையில் போகிறவன்தான், வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கல்யாணமான முதல் வருஷம் முல்லாபீ வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு நாளாச்சும் இங்க சாப்பிடுங்களேன்."

"எங்க உம்மா வீட்ல உலை ஏறலன்னு ஊர் பேசும்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் ஆசை போய்விடுமா? மத்தியானம் சோறு வடிக்கும்போது ஒரு ஆள் சோறு கூடவே இருக்கும். யாருக்கு இது என்று சின்ன மகள் சாரும்மா கேட்டால் கோழிக்கு என்பாள். அந்தத் தெருவிலேயே அவள் வீட்டுக் கோழிகள்தான் நடக்க முடியாமல் நடந்தன.

கப்பல் வரும் நாளில் மட்டும் அவரைப் பகலில் பார்க்கக் கிடைக்கும். கப்பல் காயலுக்குள் வராமல் வெளிக்கடலில் நிற்கும். கிடாவின் படகு போய்த்தான் ஆட்களை இறக்கிவரும். முல்லாபீ ஏதாவது சாக்குச் சொல்லித் துறைக்குப் போய், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பாள். ஊரார் பெண்டாட்டிகளையெல்லாம் கைபிடித்துக் கரையேற்றிவிடும் மனுஷன் இவள் பக்கம் திரும்பக்கூட மாட்டார். வெயிலில் அவர் புருவத்தில் உப்புப் பூத்திருக்கும். விளக்கில் பார்க்கும் முகம் தனக்கு, இந்த முகம் அவர் வீட்டிலிருக்கும் நாத்தனாருக்கு என்று நினைத்துக்கொள்வாள். அப்போது அவளுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

அறுபது தாண்டியதும் கிடாவின் கண்ணில் திரை விழுந்தது. மழைக்காலம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் கொச்சிக்குப் போய் அறுத்துக்கொள்வதாக இருந்தார். படகை அக்காவின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். அவரோ டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, கால் பழக்கத்தில், ஒரு மாலை தவறாமல் தெற்கே வந்துகொண்டிருந்தார்.

அந்த ஆனி மாதம் மூன்று நாளாக வானம் திறக்கவில்லை. மேற்குப் பவளப்பாரில் அலை மோதும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கிடாவுக்குக் காய்ச்சல், இரண்டு ராத்திரியாக வரவில்லை. மூன்றாம் நாள் முல்லாபீ சோற்றை வடித்துவிட்டு, மாசுக் கருவாட்டைத் தேங்காயோடு இடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நனைந்த சட்டையோடு, எரியும் டார்ச்சோடு கிடாவு நின்றார்.

"என்ன மழை, என்ன மழை. வீட்லயே தொழுதுட்டு வந்துட்டேன். மூணு ரக்அத்துக்கு நிக்கறதுக்குள்ள கால் நடுங்கிருச்சு" என்றார்.

மூன்று ரக்அத்து, மூன்று சுற்றுத் தொழுகை என்றால் அது மாலை மஃரிபு. சற்றுமுன் கேட்டதோ லுஹர் பாங்கு. காய்ச்சலில் தூங்கி எழுந்த மனுஷன், இருட்டைப் பார்த்து, மத்தியானப் பாங்கை மாலைப் பாங்காக எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி வீட்டுக்குப் புறப்பட்டு வந்துவிட்டார். சாரும்மா சிரித்துக்கொண்டே, "வாப்பா, இப்ப..." என்று ஆரம்பித்தாள். முல்லாபீ அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"உள்ள வாங்க. சோறு சூடா இருக்கு."

தலையைத் துவட்டிக்கொண்டு அவர் பாயில் உட்கார்ந்தார். கோழியின் பங்கைத் தட்டில் போட்டு, இடித்த மாசையும் பொரித்த சீமைப்பலாவையும் வைத்தாள். அவர் இடது முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இதைத்தான் ராத்திரியிலும் செய்கிறார், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் அவர் கையில் விழுந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கையை அவள் இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. நல்லவேளையாக அவருக்கு அது தெரியவில்லை.

தட்டைக் காலி செய்துவிட்டு அவர் கேட்டார்: "இஷா பாங்கு சொல்லியாச்சா? மழைல கேக்கவே இல்ல. ஒளு செய்யணும், கைகால் கழுவத் தண்ணி கொடு."

முல்லாபீயின் கை செம்பில் நின்றது. சோற்றில் ஏமாற்றலாம், தொழுகையில் எப்படி ஏமாற்றுவது? சொன்னால் எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தப் பாவம் தன் தலையில். அவள் சொல்லிவிட்டாள்.

"இது ராத்திரி இல்லங்க. மத்தியானம். இனிமேதான் லுஹர் தொழணும்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா சோறு போட்ட?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் செம்பை வாங்கிக்கொண்டார். ஒளு செய்துவிட்டு நான்கு ரக்அத்தும் உட்கார்ந்தபடியே தொழுதார். தொழுது முடிப்பதற்குள் அவருடைய அக்கா குஞ்ஞிபீ வந்துவிட்டாள். காய்ச்சல்காரனைப் படுக்கையில் காணாமல் ஒன்றரை மைல் தேடி வந்தவள். சேலையில் தண்ணீர் சொட்டியது. மூலையில் கிடந்த எச்சில் தட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏன் தம்பி, உம்மா மவுத்தானதோட நம்ம வீட்டு அடுப்பும் அணைஞ்சிருச்சா?"

"மச்சி, அவங்க மேல தப்பில்ல. கண்ணு தெரியாம, மாலைன்னு நெனச்சு வந்துட்டாங்க" என்றாள் முல்லாபீ நாத்தனாரிடம்.

கிடாவு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கண் தெரியாதவர் தவறிப்போய் வந்தார் என்று தன் வாயாலேயே சொன்னது முல்லாபீக்கு அப்புறந்தான் உறைத்தது. முப்பத்தாறு வருஷம் காத்துக் கிடைத்த ஒரு பகல், அதையும் தவறு என்று அவளே எழுதிக்கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரியும் அவர் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கோழிக்குச் சோறு வைக்கவே அவளுக்கு மனமில்லை.

அந்த மத்தியானத்திலிருந்து நான்காம் நாள் வானம் வெளுத்தது. ஊரே ஈரப் பாய்களை முற்றத்தில் விரித்துப் போட்டிருந்தது. பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரம். கிடாவு அத்தனை பேரோடும் நின்று நான்கு ரக்அத்து தொழுதுவிட்டு வெளியே வந்தார். வடக்கே திரும்பாமல் தெற்கே நடந்தார். உச்சிவெயிலில், கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

வழியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

"கிடாவு காக்கா, சூரியன் பத்தலையா?"

"கண்ணு தெரியாதவனுக்கு சூரியன் ஏதுப்பா? இருட்டிருச்சு, வீட்டுக்குப் போறேன்" என்றார் அவர், நிற்காமல்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் முல்லாபீ வாசலுக்கு வந்தாள். கூசும் வெயிலில், முற்றத்துப் பாய்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, டார்ச்சைத் தரையில் அடித்தபடி அவர் வந்துகொண்டிருந்தார். படியருகே நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"முல்லாபீ, ராத்திரியாயிருச்சு. சோறு போடு."

அவள் இறங்கிப் போய் அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். அணைக்கவில்லை.

"ஆமாங்க, நல்லா இருட்டிருச்சு. பாத்து ஏறுங்க" என்று படிக்கு வெளிச்சம் காட்டினாள்.