புயலன்று காலி செய்த விடுதி

புயலன்று மாணவிகளை விடுதியிலிருந்து வெளியேற்றிய பல்கலைக்கழகத்தை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பாராட்டிய முட்டாள் நான்தான். அந்நேரம் என் மகள் திண்டிவனத்தில், பஸ் ஓடாத பேருந்து நிலையத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

பிறகு கூடிய பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்கியவரும் ஒரு தகப்பனார்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு முறையும் மேடையைக் கும்பிட்டுவிட்டே பேசினார்.

“பொண்ணுங்கள உள்ள வச்சிக்கினு ஏதாவது ஆயிருந்தா, காலேஜுக்கு எவ்ளோ பேஜாரு? யோசிங்க.”

“உங்க பொண்ணு எப்படிங்க வந்துச்சு?” என்றேன்.

“வார்டன் அம்மா மொத நாளே போன் பண்ணிட்டாங்க. கார்ல போய் இட்டாந்துட்டேன்.”

கூசாமல் சொன்னார். விழுப்புரத்தில் வீடு திரும்பியதும் மகளிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

“அவராவது வந்தாருப்பா,” என்றாள்.